சுவைப்பும் தீர்ப்பும்: ஒரு மர்மக் காதல் நாவலை முன்வைத்துச் சில சிந்தனைகள்

மர்மம் செறிந்த காதல் நாவல்களை விரும்பி வாசிப்போர் பலர். அவ்விருப்பத்தை ஒப்புக்கொள்வோர் சிலர். பல்கலைக்கழக வட்டாரங்களில் இத்தகைய நூல்கள் 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல்லினால் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. அவை வாசகனை வாழ்வின் மெய்ம்மையிலிருந்து விலக்குகின்றன என்பதே வழக்கமான குற்றச்சாட்டு. இது முற்றிலும் தவறானதன்று. ஆயின், இதனினும் ஆழமான வினா ஒன்றுண்டு. இத்தகைய நாவலைச் சுவைக்கும் வேளையில் நமது அறவுணர்வுக்கு நேர்வது யாது?

ஆங்கில நாவலாசிரியை டப்னி டு மோரியர் 1938இல் வெளியிட்ட 'றெபெக்கா' இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதொரு நூலாகும். கதையைக் கூறும் இளம்பெண்ணின் பெயர் நூலில் எவ்விடத்தும் சொல்லப்படுவதில்லை. செல்வச் சீமாட்டி ஒருத்திக்கு ஊதியத் துணையாளாக மொன்ரி கார்லோவில் தங்கியிருந்த அவள், மனைவியை இழந்த மக்சிம் டி வின்ரரை மணந்து, மாண்டர்லி என்னும் அவனது மாளிகைக்கு வருகிறாள். அங்கு ஆட்சி புரிவது இறந்துபோன முதல் மனைவி றெபெக்காவின் நினைவே. கணவன் இன்னும் அவளையே காதலிக்கிறான் என்ற ஐயம் இளம் மனைவியை வாட்டுகிறது. அவளோடு வாசகனையும் வாட்டுகிறது.

கடலடியில் றெபெக்காவின் படகும் அதனுள் அவளது உடலும் கண்டெடுக்கப்பட்டபோது மக்சிம் உண்மையை வெளியிடுகிறான். அவளைச் சுட்டுக் கொன்றவன் அவனே; அவளை அவன் காதலிக்கவில்லை, வெறுத்தான். இவ்விரு செய்திகளுள் இளம் மனைவியின் நெஞ்சை நிறைப்பது இரண்டாவதே. கணவன் கொலைஞன் என்பதைவிட, அவன் தன்னையே காதலிக்கிறான் என்பதே அவளுக்குப் பெரிதாகிறது.

இந்நூலை முதன்முறை வாசித்த இரவில் நானும் அவளோடு சேர்ந்து நிம்மதி கொண்டேன். தொடர்ந்து வரும் மரண விசாரணையில் மக்சிம் அகப்பட்டுவிடக் கூடாதே என அஞ்சினேன். தற்கொலை என்ற முடிவு வெளியானபோது மகிழ்ந்தேன். றெபெக்கா தீராத புற்றுநோயினால் சில மாதங்களில் எப்படியும் இறந்திருப்பாள் என லண்டன் வைத்தியர் கூறியபோது, கொலையின் பாரமே குறைந்துவிட்டது போலத் தோன்றியது. நூலை மூடிய பின்னரே மனம் உறுத்தியது. றெபெக்காவின் சார்பில் பேசியவர் யார்? அவளது கொடுமைகளை நாம் பெரும்பாலும் அறிவது அவளைக் கொன்றவனின் வாய்மொழியாகவே அன்றோ?

"இது கற்பனைதானே, உண்மையில் இறந்தவர் எவருமிலர்" எனச் சிலர் கூறலாம். இறப்பு கற்பனையே. ஆயின், கொலைஞன் தப்ப வேண்டும் என்று எழுந்த விருப்பம் கற்பனையன்று; அது என்னுடையது. பகுத்தறிவுக்கு அடங்க வேண்டிய உணர்ச்சிகளைக் கவிதை ஊட்டி வளர்க்கிறது என்று பிளேட்டோ 'குடியரசு' நூலில் அஞ்சியதன் பொருள் இங்கு விளங்குகிறது.

அவ்வாறாயின் இத்தகைய நூல்களை விலக்குதல் வேண்டுமா? 1940இல் அல்பிரட் ஹிச்கொக் இந்நாவலைத் திரைப்படமாக்கியபோது ஏறத்தாழ அதுவே நிகழ்ந்தது. மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றித் தப்புவதை அக்கால அமெரிக்கத் திரைப்பட ஒழுக்கவிதிகள் அனுமதிக்கவில்லை. எனவே படத்தில் றெபெக்கா தவறி வீழ்ந்து தலையில் அடிபட்டு இறப்பதாகக் கதை மாற்றப்பட்டது. பார்வையாளரின் மனச்சான்று காப்பாற்றப்பட்டது, ஆனால் சோதிக்கப்படவில்லை.

நாவலோ அச்சோதனையை நிகழ்த்துகிறது. மாண்டர்லி இல்லாமற் போயிற்று என்பதையும் கணவனும் மனைவியும் ஒன்றாகவே வாழ்கின்றனர் என்பதையும் நூலின் தொடக்கமே உணர்த்திவிடுகிறது. முடிவை ஓரளவு அறிந்த பின்னரும் நாம் பதைப்பதேன்? ஒருத்தியின் அச்சத்தோடு நம்மை நெடுநேரம் இருத்திவைத்தமையால் அவள் நம்மவளாகிவிட்டாள்; அவள் காதலிப்பவனும் நம்மவனாகிவிட்டான். நம்மவன் ஆனபின் அவன் குற்றத்திற்கு நாம் தேடுவது தண்டனையையன்று, காரணத்தையே.

இது நாவல் வாசகனுக்கு மட்டும் உரிய பலவீனமன்று. நம்மவர் செய்த கொலைக்கு விளக்கமும் பிறர் செய்த கொலைக்குத் தண்டனையும் தேடுவது மனிதரின் பொது இயல்பு. குடும்பத்திலும் ஊரிலும் இனத்திலும் நாம் அன்றாடம் காண்பது இதுவே. அங்கு நாம் அதனை உணர்வதில்லை; அன்பு என்றும் விசுவாசம் என்றும் பெயரிட்டுவிடுகிறோம். நாவலிலோ நூலை மூடிவைத்து, சற்று முன் நாம் எவ்வாறு மகிழ்ந்தோம் என்பதைத் தள்ளி நின்று நோக்க இயலும்.

ஆகவே, சுவைத்தல் குற்றமன்று. சுவைத்தபின் கணக்குப் பாராதிருத்தலே குற்றம். முதல் வாசிப்பை இளம் மனைவிக்குக் கொடுப்போம். இரண்டாம் வாசிப்பையேனும் பேச வாயற்ற றெபெக்காவுக்குக் கொடுக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.