தெய்வ உணவின் பூஞ்சை

லாசியோடிப்ளோடியா தியோப்ரோமே வெப்பநாட்டு மரஞ்செடிகளில் வாழும் கரும்பூஞ்சை. கொக்கோ மரத்துக்கு லின்னேயஸ் இட்ட 'தியோப்ரோமா' என்ற பெயருக்குத் தெய்வங்களின் உணவு என்று பொருள். அந்த மரத்தில் கண்டதால் பூஞ்சைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மாம்பழக் காம்பழுகலும் வாழைச்சீப்பின் கொண்டையழுகலும் இதன் வேலை. வாழையும் பலாவும் மிளகும் விளையும் கொல்லிமலையில், வாசலூர்பட்டி போன்ற ஊர்களின் தோட்டங்கள் இத்தகைய பூஞ்சைகளுக்கு இயல்பான இருப்பிடம்.

நலமான மரத்துக்குள் இது பல காலம் அடையாளமே காட்டாமல் இருக்கும். வறட்சியோ வெட்டுக்காயமோ மரத்தைத் தளர்த்தினால் அழுகலாக வெளிப்படும். மனிதரை அரிதாகவே தொற்றும். இலையோ குச்சியோ கீறிய கண்ணில் கருவிழிப் புண்ணாக வந்ததைத் தென்னிந்தியக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். (தமிழகத்தில் பூஞ்சைப் புண்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஃபியூசேரியமும் ஆஸ்பெர்ஜில்லசும்தான்.) கண்ணை இழக்கும் உழவர் கேட்கக்கூடிய கேள்வி: இது யார் குற்றம்?

பௌத்தம் எண்ணத்தையே வினை என்பதால், எண்ணமில்லாத பூஞ்சைக்கு அங்கே பழியில்லை. சமணம் அவ்வளவு எளிதில் விடாது. தொடுவுணர்வு மட்டுமுள்ள ஓரறிவு உயிரும் அதற்கு வினையில் கட்டுண்ட உயிரே. சைவ சித்தாந்தத்தின் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்ற கருத்து இன்னும் நெருங்கி வருகிறது: பளிங்கு அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல், உயிர் தான் சார்ந்ததன் இயல்பைப் பெறுகிறது. மரத்தில் அமைதி, புண்ணில் நோய் என்ற பூஞ்சையின் போக்கு அதற்கு வியக்கத்தக்க உவமை. ஆனால் உவமை அங்கேயே நின்றுவிடுகிறது. சித்தாந்தம் பேசும் உயிருக்கு அறிவும் விழைவும் உண்டு, அறிவை மறைக்கும் ஆணவ மலமும் உண்டு. பூஞ்சை ஈரத்தையும் உணவையும் மட்டுமே தேடுகிறது.