ரெண்டாயிரத்தில் ஒன்று

ஆணுறை 98 சதவீதம் பாதுகாப்பானது என்று படித்ததும் நம்மில் பலர் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறோம். நூறு முறை உறவு கொண்டால் இரண்டு முறை கரு தங்கிவிடும், அவ்வளவுதானே? அப்படியில்லை. நூறு ஜோடிகள் ஒரு வருடம் முழுக்க, ஒவ்வொரு முறையும், சரியாகப் பயன்படுத்தினால் அந்த வருடத்துக்குள் இரண்டு பேர் கருவுறுவார்கள் என்று அர்த்தம். எந்தத் தடுப்பும் இல்லாமல் இருந்தால் அதே நூறில் சுமார் 85 பேர். நூறு பெண்கள், ஒரு வருடம் என்று அளக்கும் இந்த வழக்கத்தை 1930களில் கொண்டுவந்தவர் ரேமண்ட் பெர்ல் என்கிற அமெரிக்க உயிரியலாளர்.

சிக்கல் இதற்கு அடுத்த எண்ணில் இருக்கிறது. ‘சரியாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, மனிதர்கள் சாதாரணமாகப் பயன்படுத்துகிற விதத்தில் கணக்கெடுத்தால் ஆணுறையின் 2 என்பது 13 ஆகிவிடுகிறது. தினசரி மாத்திரை ஒன்றுக்கும் கீழேயிருந்து 7க்குப் போகிறது. இவை அமெரிக்க மதிப்பீடுகள். மறந்துபோன மாத்திரை, ‘இன்னிக்கு ஒருநாள் பரவால்ல’ என்று விட்டது, பாதியில் மாட்டியது எல்லாம் இதற்குள் வரும். காப்பர் டிக்கு மட்டும் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றே, 0.6ம் 0.8ம். அதில் ஞாபகம் வைத்துக்கொள்ள எதுவுமே இல்லை.

என் தொழிலில் இந்த இடைவெளிக்கு ஒரு பழைய பெயர் உண்டு. யூசர் எரர். நாங்கள் எழுதிய திரையில் நூறில் பதின்மூன்று பேர் தப்பான பட்டனை அழுத்தினால், முன்பெல்லாம் அவர்களைக் கிண்டல் செய்வோம். இப்போது எந்த உருப்படியான டீமும் அப்படிப் பேசாது, டிசைன் சரியில்லை என்று டிக்கெட் போடுவார்கள். ஆனால் மாத்திரையைத் தவறவிட்ட பெண்ணிடம் நாம் இன்னும் அந்தப் பழைய மொழியில்தான் பேசுகிறோம். ‘கவனமா இருந்திருக்க வேண்டாமா?’ இரண்டுபேர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்தக் கேள்வி எப்போதும் ஒருவரிடம்தான் கேட்கப்படுகிறது.

சரி, யூசரே இல்லாத முறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை. மறக்க முடியாது, சோம்பேறித்தனம் பண்ண முடியாது. அதுவும் தோற்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 1996இல் வெளிவந்தது. கருத்தடை அறுவை செய்துகொண்ட ஆயிரம் பேரில் பத்து வருடங்களுக்குள் 18.5 பேர் கருவுற்றார்கள் என்று கணக்கிட்டது.

அந்தப் பதினெட்டு பேர் நீதிமன்றத்துக்குப் போனால் என்ன ஆகும்? நம் உச்ச நீதிமன்றம் இரண்டு பதில்கள் சொல்லியிருக்கிறது. ஹரியானாவின் சாந்த்ரா கூலித் தொழிலாளி, ஏற்கெனவே ஏழு குழந்தைகளின் தாய். அவருக்கு ஒரு பக்கக் கருக்குழாயை மட்டும் அடைத்துவிட்டு, இனி குழந்தை பிறக்காது என்று அனுப்பிவிட்டார்கள். இது அப்பட்டமான அலட்சியம், 2000இல் நஷ்ட ஈடு உறுதியானது. 2005இல் வந்த பஞ்சாப் அரசு – சிவ் ராம் வழக்கு வேறு மாதிரி. மருத்துவர் தப்பு செய்ததாக நிரூபணம் இல்லை. எந்த முறையும் நூறு சதவீதம் அல்ல, தோல்வி மட்டுமே அலட்சியத்துக்குச் சாட்சி ஆகாது என்றது நீதிமன்றம். கர்ப்பம் என்று தெரிந்தபிறகும் பெற்றுக்கொள்ள முடிவு செய்தால், அது வேண்டாத குழந்தை என்று சொல்ல முடியாது என்றும் சொன்னது.

முதல் பாதியோடு எனக்குச் சண்டையில்லை. யாரும் தப்பு செய்யாமலே ஒன்று தோற்கலாம் என்பதை 1971ஆம் வருடத்துக் கருக்கலைப்புச் சட்டமே ஒப்புக்கொண்டது. கருத்தடை தோற்று உண்டான கர்ப்பத்தைக் கலைக்க அதில் தனி விளக்கம் உண்டு. (அன்று அது மணமான பெண்ணுக்கு மட்டும், 2021 திருத்தத்தில்தான் ‘எந்தப் பெண்ணும், அவள் இணையும்’ என்று மாறியது.) இரண்டாம் பாதி உறுத்துகிறது. கலைக்காமல் இருந்ததைத் தேர்வு என்று பெயரிட்டு, விளைவை அவள் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

நீதிமன்றமாவது எண்ணைப் புரிந்துகொண்டது. வீடு புரிந்துகொள்வதில்லை. ‘ஆபரேஷன் பண்ணியாச்சு’ என்றால் வீட்டுக்கு அது பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து ஒரு குழந்தை வந்தால், குறிப்பாக அறுவை செய்துகொண்டவர் கணவராக இருந்தால், ஒரே விளக்கம்தான் மிஞ்சும். 0.1 சதவீதத்தை 0 என்று படிப்பது கணிதப் பிழை மாதிரி தெரிகிறது. அது ஒரு பெண்மீது சாட்டப்படும் குற்றமாக மாற அதிக நேரம் ஆவதில்லை.

எங்களுக்கு இரண்டாவது குழந்தை சிசேரியன். முந்தைய நாள் நர்ஸ் என் மனைவியிடம், ‘அதோட சேத்தே கு.க. பண்ணிடலாமாம்மா? சைன் மட்டும் போட்டுடுங்க’ என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆண்களுக்கான தழும்பில்லா சிகிச்சை இதைவிட எளிது, வயிற்றைத் தொட வேண்டியதில்லை, தோல்வியும் குறைவு. ஆனாலும் 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் பெண் அறுவையை நம்பியிருந்தார்கள், ஆண் அறுவையை 0.3 சதவீதம். நான் பண்ணிக்கொள்கிறேன் என்றதும் நர்ஸ் சிரித்தார். கிண்டல் இல்லை, ஆச்சரியம்.

வாசக்டமி உடனே வேலை செய்யாது. மூன்று மாதம் வேறு தடுப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று வரவேண்டும். பலர் அந்த டெஸ்ட்டுக்குப் போவதே இல்லை. எனக்கு ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்று வந்தது. அப்படி வந்தபிறகும், வெட்டிய குழாய் தானாகவே இணைந்து, சுமார் இரண்டாயிரத்தில் ஒருவருக்குக் கரு உண்டாகலாம். இதை அவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் கேட்டாள்:

‘அந்த ஒண்ணு நாமளா இருந்தா என்னை நம்புவியா?’

‘டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமே’ என்பது ஓர் எஞ்சினியரின் பதில். அதைச் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். ‘டெஸ்ட் எடுன்னு நீ சொன்ன அன்னிக்கே முடிஞ்சிடும்’ என்றாள்.

பல நாள் இதை யோசித்தேன். ரெண்டாயிரத்தில் ஒன்று சின்ன எண்தான். ஆனால் எதைவிடச் சின்னது? சந்தேகப்பட வேண்டுமென்றால் அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கவேண்டும், அவள் பொய் சொல்வதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று. கணிதம் அதை அனுமதிக்கிறது, கேட்கவும் செய்கிறது. மனைவிக்கு அப்படி ஓர் எண் போட்டுவிட்ட மனிதன், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அவளோடு வாழ்வது வேறு ஏதோ ஒரு ஏற்பாட்டில்.

இப்படிச் சொன்னால் உணர்ச்சிவசப்பட்டு அறிவை மூட்டைகட்டுகிறான் என்று என் டீமில் இருக்கும் பையன்கள் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அறுவைக்கு முன்னால் கையெழுத்திட்ட படிவத்திலேயே இது தோற்கலாம் என்று எழுதியிருந்தது. அந்த ஒன்றுக்கும் சேர்த்துத்தான் சம்மதித்தேன். அது நடந்த அன்று ‘இது எப்படி நடக்கும்?’ என்று கேட்டால், நான் போட்ட கையெழுத்தை நானே மறுக்கிறேன். சோதிக்கவேண்டியது ஏதாவது இருந்தால் முதலில் லேபுக்குப் போகவேண்டியவன் நான், என் வேலைதானே தோற்றிருக்கும்.

இதெல்லாம் எனக்கும் அவளுக்கும் இடையில். வீட்டில் நாங்கள் இரண்டுபேர் மட்டும் இல்லையே. அடுத்தமுறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டது நான், அது எப்பவாவது தோக்கலாம், ரெண்டாயிரத்துல ஒருத்தருக்கு அப்படி ஆகும்னு. ஆபரேஷன் செய்தியே அம்மாவுக்குப் புதுசு. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

‘இப்ப எதுக்குடா இதையெல்லாம் என்கிட்ட சொல்ற?’

‘பின்னாடி யாரும் எதுவும் பேசக்கூடாதுன்னுதான்.’

அம்மா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுத் திரும்பினாள். ‘ரெண்டாயிரமா?’ என்றாள். ஆமாம் என்றேன். ‘உங்கப்பாகிட்டயும் சொல்லிடு.’