எண்ணம்தான் காரணம்னா, தப்பு நம்மளோடதா?



டிப்ரஷனில் தவிக்கிற ஒருத்தர்கிட்ட நாம சட்டுனு சொல்லிடுறோம்: "எல்லாம் மனசுலதான் இருக்கு, நல்லதா யோசி." அவருக்கு அது எப்படிக் கேட்கும் தெரியுமா? "அப்போ இது நானே இழுத்துக்கிட்டதா?" சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையும் எண்ணங்களைத்தான் பிடித்துப் பேசுகிறது. அதுவும் இதே பழியைத்தான் போடுதா?

இல்லை. ஏன்னு பார்ப்போம்.

1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மனச்சோர்வு உள்ளவர்களுக்குள் "நான் லாயக்கில்லை", "யாருக்கும் நான் வேண்டாம்", "இனி எதுவும் மாறாது" மாதிரியான எண்ணங்கள் ஓடிக்கிட்டே இருக்கு. அவங்க கூப்பிட்டு வரலை, தானா வந்து விழுது. அதனால்தான் அவற்றைத் 'தானியங்கி எண்ணங்கள்' என்றார் பெக்.

தானா வந்த எண்ணத்துக்கு யாரும் குற்றவாளி இல்லை. ஆனா அதை அப்படியே நம்பணும்னு கட்டாயமும் இல்லை. எங்க வேலையில் ஒரு அலர்ட் வந்தா, சர்வரே போச்சுன்னு உடனே முடிவு பண்ண மாட்டோம். லாக் எடுத்துப் பார்ப்போம்.

சிபிடியும் அப்படித்தான். நண்பன் மெசேஜைப் பார்த்துட்டு பதில் போடலை. "என்னை ஒதுக்கிட்டான்"னு மனசு சொல்லுது. "சேச்சே, அவனுக்கு உன்மேல் பாசம்தான்" என்று தெரபிஸ்ட் ஆறுதல் சொல்ல மாட்டார். ஆதாரம் என்ன, வேறு காரணம் இருக்குமா என்று கேட்பார், எழுதச் சொல்வார். உண்மையிலேயே ஒதுக்கியிருந்தா, அடுத்து என்ன செய்யலாம்னு யோசிப்பாங்க. பத்து நிமிஷ நடை மாதிரி சின்னச் செயல்களும் இதில் உண்டு. மனசு தெளிஞ்ச பிறகு நடக்கலாம்னு காத்திருக்காம, முதல்ல நடக்கிறது.

"நல்லதா யோசி" என்பது முழுப் பாரத்தையும் சோர்ந்து கிடக்கிறவர் தலையிலேயே வைக்குது. சிபிடியில் கூட ஒருத்தர் உட்கார்ந்து, வாராவாரம், பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள் வரை சேர்ந்து சுமக்கிறார். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். அதுவும் தோல்வி இல்லை.

அடுத்த முறை அறிவுரைக்குப் பதிலா, "இப்போ மனசுல என்ன ஓடுது?"ன்னு கேட்டுப் பாருங்க. பதில் பாரமா இருந்தா, அவரைத் தனியா விடாதீங்க. இந்தியாவில் டெலி மானஸ் 14416 இருக்கு: 24 மணி நேரமும், இலவசம், தமிழிலும் பேசலாம்.