யார் பையிலிருந்து தள்ளுபடி?

வாடிக்கையாளருக்குக் கூலியைக் குறைப்பது புண்ணியமா? திண்டுக்கல்லில் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, சம்பளம் பிரிக்கும் சனிக்கிழமைகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும்.

"அண்ணே, பார்த்துப் போடுங்கண்ணே" என்பவருக்கு நூறு ரூபாய் குறைத்தால் அவர் மனம் குளிரும், எனக்கும் நல்ல பெயர். ஆனால் அந்த நூறு எங்கிருந்து போகிறது? கடை வாடகை குறையாது. கரண்ட் பில் குறையாது. சாமான் கடைக்காரர் குறைக்க மாட்டார். கை வைக்கச் சுலபமான இடம் ஒன்றுதான்: என்னிடம் வேலை பார்க்கும் தம்பிகளின் வாரச் சம்பளம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதை இது. பிள்ளையார் கேட்டாரா என்று தெரியாது. தேங்காய்க்காரன் அழுவது நிச்சயம்.

எங்கள் தொழிலில் உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்பரேட்டர் போய், பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. 'ஓடும்போதே ஆஃப் ஆகுது' என்று ஒரு வண்டி வரும். பிளக், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஸ்கேனர் மாட்டி, கடைசியில் ஹேண்டில் திரும்பும் இடத்தில் உரசி உரசி அறுந்த ஒரு வயரைக் கண்டுபிடிப்போம். அதற்குள் அரை நாள் ஓடியிருக்கும். வயருக்கும் டேப்புக்கும் இருபது ரூபாய். "ஒரு வயர் ஒட்டினதுக்கு ஐந்நூறா?" என்பார் வண்டிக்காரர். பிஸ்டன் மாற்றினால் அவரே இரண்டாயிரத்தைப் பேசாமல் எடுத்து வைப்பார். டப்பாவில் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கிறது. கண்டுபிடித்த மூளைக்கு யார் விலை அச்சடிப்பது?

பொய் இங்கேதான் நுழைகிறது. நன்றாக இருக்கும் காயிலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டி, கூலியை அதன் விலைக்குள் ஒளித்துவிடலாம். "மொத்தத் தொகை ஒன்றுதானே, இதில் என்ன பாவம்?" என்று தொழில் நண்பர் ஒருவர் வாதாடுவார். பாவம் தொகையில் இல்லை. தன் வண்டியைப் பற்றி ஒருவர் என்னை நம்பிக் கேட்கிறார்; நான் பொய்யான பதிலைச் சொல்லி அனுப்புகிறேன். உழைப்புக்கு விலை கிடையாது என்ற அவர் எண்ணத்தையும் நானே உறுதிப்படுத்துகிறேன்.

எதிர்ப்பக்கத்திலும் பள்ளம் உண்டு. தம்பிகளுக்கு நிறையக் கிடைக்கட்டும் என்று பில் தொகையில் பங்கு பேசினால், தேயாத பிரேக் ஷூவும் தேய்ந்ததாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வணிகர்களுக்கான குறளை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் முடிவில், 120ஆவது குறளாக வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணச் சொல்லும் அதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம், வாங்குவது மிகையாகவும் கொடுப்பது குறையாகவும் இருக்கக் கூடாது என்பது. பட்டறைக்காரன் ஒரே நாளில் இரண்டு வியாபாரம் செய்கிறவன். வாடிக்கையாளரிடம் உழைப்பை விற்கிறான், தம்பிகளிடம் உழைப்பை வாங்குகிறான். ஒரு தராசை நேராக்க இன்னொன்றைச் சாய்ப்பது நடுவுநிலைமை ஆகாது.

அப்படியானால் இரக்கத்துக்கு இடமில்லையா? மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக்காரர் கதை வருகிறது. மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவருக்கும் அவர் முழு நாள் கூலி கொடுக்கிறார். பலரும் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று அதில் இருக்கிறது: காலையிலிருந்து உழைத்தவருக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. முதலில் நியாயத்தைத் தீர்த்துவிட்டு, பிறகு தன் சொந்தப் பணத்தில் தாராளம் காட்டுகிறார். இரக்கத்துக்கு அந்த வரிசை முக்கியம்.

என் பட்டறையிலும் அந்த வரிசைதான். பில்லில் சாமான் ஒரு வரி, கூலி தனி வரி. கழற்றிய பழைய சாமானைக் கவரில் போட்டு வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவேன். சொல்லாத வேலை ஏதாவது தேவைப்பட்டால் போன் செய்து கேட்காமல் கை வைப்பதில்லை. வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் பணமில்லாமல் நின்றால் குறைப்பேன். அன்று குறைவது என் பங்கு. எண்ணெய் டப்பாவுக்குள் கம்பெனிக்காரர் போடும் கூப்பன், அந்த வேலையைச் செய்த தம்பிக்கு.

ஆயுத பூசையன்று ஸ்பேனருக்குச் சந்தனம் வைக்கும் தொழில் இது. ஸ்பேனரைப் பிடித்த கைக்குச் சம்பள பாக்கி வைத்துக்கொண்டு செய்கிற பூசை எந்தச் சாமிக்கும் சேராது.

வண்டி விட வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பில்லில் கூலி என்று தனியாக எழுதியிருந்தால், அதற்கு என்ன செய்தார்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் பேரம் பேசாமல் கொடுங்கள். கூலியே எழுதாத பில் வந்தால், அப்போதுதான் சந்தேகப்படுங்கள்.