பிள்ளையார் சுழிக்கு அடுத்த வரி

பிள்ளையார்பட்டிக்குப் போயிருக்கிறீர்களா? குன்றைக் குடைந்த கோயில். பாறையிலேயே செதுக்கிய கற்பக விநாயகர். மற்ற ஊர்களில் நாலு கையோடு இருப்பவர் இங்கே இரண்டே கையோடு, வடக்கு பார்த்து அமர்ந்திருக்கிறார். நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் இதுவும் ஒன்று. சுற்று வட்டாரத்தில் யார் கடை திறந்தாலும், புதுக்கணக்கு போட்டாலும், நோட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் இங்கேதான் வருவார்கள்.

என் நண்பர் ஒருவரோடு நானும் அப்படி ஒருமுறை போனேன். காரைக்குடியில் இரும்புக் கடை. அப்பா இறந்த பிறகு கடை சித்தப்பா கைக்குப் போய், கோர்ட், வக்கீல், வாய்தா என்று பதினோரு வருஷம் இழுத்து, கடைசியில் தீர்ப்பு நண்பர் பக்கம். புதுப் பேரேட்டுக்கு மஞ்சள், குங்குமம் வைத்து, சந்நிதியில் கொடுத்து வாங்கி, பிரகாரத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தில் பெரிதாகப் பிள்ளையார் சுழி போட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

''அடுத்து என்னப்பா?'' என்றேன்.

''முதல் வேலையா பழைய கணக்கப்பிள்ளையை இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடணும். சித்தப்பா ஆளு. கோர்ட்ல எனக்கு எதிரா சாட்சி சொன்ன மனுஷன்யா!''

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் முதலில் தோன்றியது. ஜெயித்தவன் தன் ஆட்களை வைத்துக்கொள்வதுதானே உலக வழக்கம்? ஆனால், பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதுப் பேரேட்டைப் பார்த்தால் 'முன்பாக்கி எங்கே?' என்று கேட்கத் தோன்றும். பேரேடு புதிது. கணக்கு புதிதல்ல. சுழிக்கு அடுத்த வரியில் எழுதவேண்டியது பழைய பாக்கியைத்தான். வரவேண்டியதும் அதில் இருக்கும், கொடுக்கவேண்டியதும் இருக்கும்.

கடைக்கே இந்தப் பாடு என்றால், ஒரு தேசம் புதுக்கணக்கு போட்டபோது என்ன செய்திருப்பார்கள்?

1947 ஆகஸ்ட் 15 அன்று பதவியேற்ற நேரு மந்திரிசபையின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 14 பேர். நேரு, படேல், ராஜேந்திர பிரசாத், ஆசாத், ஜெகஜீவன் ராம் என்று எதிர்பார்த்த பெயர்கள் இருக்கின்றன. கூடவே எதிர்பார்க்காத பெயர்களும் இருக்கின்றன. காங்கிரஸ்காரர் அல்லாதவர்கள் என்று எண்ணினால் ஆறு பேர் தேறுகிறார்கள்: அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி, பல்தேவ் சிங், ஜான் மத்தாய், பாபா, அப்புறம் ஆர்.கே.சண்முகம் செட்டியார்.

'செட்டியார்' என்றதும் சின்ன வயதில் நான் அவரைச் செட்டிநாட்டுக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, கோயம்புத்தூர்க்காரர். நீதிக்கட்சியின் முக்கியத் தலைவர்களில் ஒருவர். வெள்ளைக்கார அரசாங்கத்திடம் 'சர்' பட்டம் வாங்கியவர். 1932-ல் ஒட்டாவா மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகப் போய், பிரிட்டிஷ் சாம்ராஜ்யச் சரக்குகளுக்குச் சலுகை தரும் ஒப்பந்தத்துக்குத் துணை நின்றதால் காங்கிரஸாரிடம் வசவு வாங்கியவர். 1934 தேர்தலில் அவரைக் காங்கிரஸ் தோற்கடித்தது. அப்புறம் கொச்சி சமஸ்தானத்தில் திவான்.

அவர்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி! கஜானா சாவியை யாரிடம் கொடுத்தார்கள் பாருங்கள்.

அம்பேத்கர் மட்டும் என்ன? காங்கிரஸும் காந்தியும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு என்ன செய்துவிட்டார்கள் என்று கேட்டு 1945-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியவர். வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானவர், பிரிவினையால் அந்த இடத்தை இழந்தார். 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து அவரைத் திரும்பக் கொண்டுவந்தது காங்கிரஸ்தான். சட்ட மந்திரி ஆனார். அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்கும் தலைவரானார். முகர்ஜியோ இந்து மகாசபைக்காரர்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ஒரு நிமிஷம்... இதை எல்லோரும் கைதட்டி ரசித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?

பிள்ளையார்பட்டியிலிருந்து தேவகோட்டை ஒன்றும் ரொம்ப தூரமில்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். 1942 ஆகஸ்டில் அந்த ஊர் கொதித்தது. கோர்ட்டுக்குத் தீ வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சின்ன அண்ணாமலையைப் பிடித்துத் திருவாடானை சிறையில் அடைத்தபோது, ஊர் ஊராக ஜனங்கள் திரண்டுபோய்ச் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் போலீஸ் சும்மா இருக்குமா? எத்தனை வீட்டில் அடி, எத்தனை குடும்பத்தில் தலைமறைவு!

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தடியடியில் கை ஒடிந்தவர். ஐந்தே வருஷம் கழித்து ஒரு காலை, பேப்பரில் இந்தப் பட்டியலைப் படிக்கிறார். 'சர்' பட்டக்காரர் நிதி மந்திரி. கலெக்டர் ஆபீஸிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அதே உத்தியோகஸ்தர்கள், தொப்பியில் சின்னம் மட்டும் மாறப்போகிறது. 'அப்ப நான் வாங்கின அடிக்கு என்னய்யா அர்த்தம்?' என்று அவர் கேட்டால் நீங்களும் நானும் என்ன பதில் சொல்வோம்?

சுலபமான பதில் கிடையாது. 'பெருந்தன்மை வேண்டும்' என்று அவரிடம் போய்ச் சொல்வது அயோக்கியத்தனம். அடி வாங்கியவர் அவர். அவர் சார்பில் நாம் பெருந்தன்மை காட்டுவது, அடுத்தவன் பணத்தில் தர்மம் செய்வது மாதிரி.

ஆனாலும் அந்தப் பட்டியல் சரிதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

போராட்டம் ஒரு தரப்பு நடத்துவது. அரசாங்கம் அப்படியல்ல. போராட்டத்தில் கலந்துகொள்ளாதவன், பயந்து கதவைச் சாத்திக்கொண்டவன், எதிர்த்தவன் எல்லோருக்கும் சேர்த்துத்தான் மறுநாள் காலை ரேஷன் அரிசி போட வேண்டும். தியாகத்துக்குக் கூலியாகப் பதவி என்று ஆரம்பித்தால், தியாகம் செய்யாதவன் எல்லாம் அந்த நாட்டில் வாடகைக்குக் குடியிருப்பவன் ஆகிவிடுவான். சுதந்திரம் வந்தது காங்கிரஸுக்கு மட்டுமல்ல, இந்தியாவுக்கு என்பதுதான் விஷயம்.

அப்படி நினைக்காத ஊரும் உண்டு. ரஷ்யாவில் 1917 புரட்சிக்குப் பிறகு அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. போல்ஷ்விக்குகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய கால்வாசி ஓட்டு. 1918 ஜனவரியில் சபை கூடியது. ஒரே ஒரு கூட்டம்! மறுநாள் வந்தவர்களைக் கதவைப் பூட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் உள்நாட்டுப் போர் முற்றியது. அதுவரை வெளியே நின்று வாதாடியவர்களில் பலர் துப்பாக்கி எடுத்தார்கள்.

இரண்டாவது காரணம், கொஞ்சம் வியாபாரக் காரணம். கணக்குத் தெரிந்தவன் வேண்டும். 1947 நவம்பர் 26-ல் சண்முகம் செட்டியார் முதல் பட்ஜெட்டைப் படித்தார். ஏழரை மாதத்துக்கான பட்ஜெட். வரவு 171 கோடியே 15 லட்சம், செலவு 197 கோடியே 39 லட்சம். அதில் ராணுவத்துக்கு மட்டும் 92 கோடியே 74 லட்சம். நாடு இரண்டாகி, அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த நேரம். சிறைக்குப் போன அனுபவம் பெரியதுதான். ஆனால், துண்டு விழும் 26 கோடியை எங்கே புரட்டுவது என்று சிறையில் சொல்லிக்கொடுப்பதில்லை.

இதற்காக, எதிராளியையும் சேர்த்துக்கொண்டால் எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. செட்டிநாட்டுக்காரர்களுக்கு அது தெரியும். அவர்களுக்கு இரண்டாவது வீடாக இருந்த பர்மாவிலேயே பாடம் இருக்கிறது.

பர்மாவின் ஆங் சான் தன் மந்திரிசபையைக் கிட்டத்தட்ட நம் மாதிரியேதான் அமைத்தார். கரேன் இனத்தவர், ஷான் இனத்தவர் எல்லாம் இருந்தார்கள். கல்வி மந்திரி அப்துல் ரசாக், தமிழ் முஸ்லிம் தந்தைக்குப் பிறந்தவர், மந்தாலயில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். ஆங் சானுக்குப் போட்டியாளர் ஊ சா, முன்னாள் பிரதமர். அவரையும் விட்டுவிடவில்லை. 1947 ஜனவரியில் சுதந்திரப் பேச்சுக்கு லண்டன் போனபோது தன் குழுவில் அழைத்துப் போனார். ஊ சா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

1947 ஜூலை 19. ரங்கூன் தலைமைச் செயலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஊ சா அனுப்பிய ஆட்கள் உள்ளே புகுந்து சுட்டார்கள். ஆங் சான், அப்துல் ரசாக் உட்பட ஒன்பது பேர் செத்தார்கள். நம் 14 பேர் டில்லியில் பதவியேற்றது அதற்குச் சரியாக 27 நாள் கழித்து.

பர்மா 1948 ஜனவரி 4-ல் சுதந்திரம் அடைந்தது. அந்த வருஷமே நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம், சுமார் 25 லட்சம் ஏக்கர், செட்டியார்கள் பெயரில் இருந்தது. பெரும்பாலும் விலை வீழ்ச்சியில் கடன் கட்ட முடியாத விவசாயிகளிடமிருந்து வந்த நிலம். புது தேசம் 'நம்மவர் யார்' என்று கணக்கு எழுதியபோது அந்தப் பக்கத்தில் இவர்கள் பெயர் இல்லை. பர்மா விவசாயியைக் கேட்டால் அதுதான் நியாயம் என்பான். காரைக்குடிப் பக்கத்தில் எந்தப் பெரிய வீட்டுத் திண்ணையில் கேட்டாலும் வேறு பதில் வரும். முன்பாக்கி என்பது இப்படித்தான். இரண்டு பக்கமும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு.

ஆங் சான் அழைத்தார், ஊ சா ஒத்துக்கொள்ளவில்லை. ஆக, அழைப்பவர் மனசு மட்டும் போதாது. அழைக்கப்பட்டவர் மனசும் வேண்டும். இதை நாம் யோசிப்பதே இல்லை. அம்பேத்கரைச் சேர்த்துக்கொண்ட பெருமையைப் பேசுகிறோம். இருபது வருஷம் எதிர்த்த கட்சியின் மந்திரிசபைக்குள் அவர் நுழைந்தாரே, அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்? தன் ஆட்களே 'விலை போய்விட்டார்' என்று சொல்லக்கூடும் என்று அவருக்குத் தெரியாதா?

அவர்கள் யாரும் அங்கே ஒட்டிக்கொண்டு கிடக்கவில்லை என்பதையும் பாருங்கள். வருமானவரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில் சண்முகம் செட்டியார் 1948 ஆகஸ்டில் விலகினார். முகர்ஜியும் மத்தாயும் 1950-ல் விலகினார்கள். இந்து சட்டத் திருத்த மசோதாவைக் கைவிட்டதால் மனம் வெறுத்து அம்பேத்கர் 1951-ல் விலகினார். நாலு வருஷம் சொச்சத்தில் இந்த நாலு பேரும் அவுட்! தோல்விதானே என்பீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கருத்து ஒத்துவராதபோது ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள், வெளியே வந்து கட்சி கட்டினார்கள், தேர்தலில் நின்றார்கள். சண்டை போடவும் ஒரு வீடு வேண்டும் அல்லவா? அந்த வீட்டைக் கட்டிய வருஷங்கள் அவை.

ஆனால், தேவகோட்டைக்காரரின் கேள்வி அப்படியே நிற்கிறது. என்னால் முடிந்த பதில் இதுதான். எதிர்த்தவன் வேறு, கொடுமை செய்தவன் வேறு. மாற்றுக் கருத்து வைத்திருந்தவனை மந்திரியாக்கலாம். நிராயுதபாணியை அடித்து நொறுக்கியவனை விசாரிக்கத்தான் வேண்டும். நம் முதல் அரசாங்கம் முதல் காரியத்தை அழகாகச் செய்தது. இரண்டாவதைச் செய்யவில்லை. நிர்வாகம் குலைந்துவிடும் என்று பழைய அதிகாரிகளை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்காக 1949-ல் படேலே சபையில் வாதாடினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால், அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தது யார்? கை ஒடிந்தவர்தான். அந்தப் பாக்கி இன்னும் பேரேட்டில் தீராமல் கிடக்கிறது. ஸ்டேஷன் படி ஏறப் பயப்படும் ஒவ்வொரு ஏழையும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான்.

பிரகாரத்துக்கு வருவோம். இவ்வளவையும் நண்பரிடம் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

''கோர்ட்ல உங்க கணக்கப்பிள்ளை பொய் சொன்னாரா?''

நண்பர் ரொம்ப நேரம் பேரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

''இல்ல... நோட்டுல இருந்ததைத்தான் சொன்னாரு.''

அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. கடைக்குத் திரும்பினோம். பெரியவர் ஏற்கெனவே சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, மஞ்சள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். நண்பர் சாவியைத் தொடவில்லை. பேரேட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

''ஐயா, சுழி போட்டாச்சு. முன்பாக்கியை நீங்களே எழுதுங்க.''

பெரியவர் உடனே கண் கலங்கி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார் என்று முடிக்கத்தான் எனக்கும் ஆசை. அவர் பையைக் கீழே வைக்கவில்லை.

''ரெண்டு நாள் டயம் கொடுங்க தம்பி. யோசிச்சுச் சொல்றேன்'' என்றார்.

அதுவும் நியாயம்தானே?