பாதையின் ஹக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் சலவாத்தும் சலாமும் உண்டாவதாக.

மதீனாவிலே சஹாபாக்கள் தெருவோரங்களில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது வழக்கம். அப்படி உட்கார வேண்டாமென்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். எங்களுக்குப் பேச வேறு இடமில்லையே என்று தோழர்கள் சொன்னபோது, அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் பதில் வந்தது. அந்த ஹக்கு என்னவென்று கேட்டார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை கொடுக்காமலிருப்பது, சலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று நாயகம் (ஸல்) அவர்கள் விவரித்ததாக ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்றும் அவர்களே அறிவித்திருக்கிறார்கள். முள்ளை எடுத்து அப்பால் போடுவது ஈமான் என்றால், ஆயிரம் கிலோ எடையுள்ள மோட்டார் காரை ஒரு சைக்கிள்காரனின் தோளை உரசினாற்போல் ஓட்டிச் செல்வதை எதில் சேர்ப்பது? நேயர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம் ஜொகூர் பாருவில் 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி பின்னிரவு மூன்று மணியளவில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஜாலான் லிங்காரான் டாலாமில், ‘பசிக்கால் லாஜாக்’ என்று சொல்லப்படும், மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்களில் கூட்டமாகச் சென்ற பிள்ளைகள் மீது ஒரு கார் மோதியது. 13 வயது முதல் 16 வயது வரையுள்ள எட்டுப் பிள்ளைகள் மௌத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வழக்கு ஆறாண்டுகள் நடந்து, விடுதலை, தண்டனை என்று மாறி மாறித் தீர்ப்பாகி, கடைசியில் 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டியவரை விடுவித்தது. நீதிமன்றத்தில் முடிந்துபோன விஷயத்தைக் கிளறுவது நம் நோக்கமன்று. அந்த நாட்களில் கடைத்தெருவிலும் தேநீர்க் கடையிலும் நாம் கேட்ட பேச்சைப் பற்றித்தான் சொல்ல வந்தோம். ஒரு சாரார் ‘அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு ரோட்டில் என்ன வேலை?’ என்றார்கள். இன்னொரு சாரார் ‘எல்லாம் கத்ர், நாள் முடிந்துவிட்டது’ என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து எழுந்து போனார்கள். முதல் பேச்சுக்குப் பின்னால் வருவோம். இரண்டாவது பேச்சுத்தான் நமக்கு அதிகக் கவலை தருகிறது.

கத்ரை நம்புவது ஈமானின் கடமை. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் கத்ரை எந்த இடத்தில் பேசுவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அங்கே பயணமாகிப் போன கலீபா உமர் (ரலி) அவர்கள் ஸர்கு என்னும் இடத்திலே இந்தச் செய்தியைக் கேட்டு, ஆலோசனை செய்து, திரும்பிவிட முடிவு கட்டினார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்டார்கள். ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் கலீபா பதில் சொல்லி, ஓர் உவமையும் கூறினார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை செழிப்பாகவும் மறு கரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தைச் செழித்த கரையில் மேய்ப்பதும் விதிப்படிதான், வறண்ட கரையில் மேய்ப்பதும் விதிப்படிதான் அன்றோ என்றார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்னும் நாயக வாக்கும் இதே பாடத்தைத் தருகிறது. ஆகவே மையித்தை அடக்கம் செய்துவிட்டு வந்த பெற்றோருக்கு கத்ர் ஆறுதல். அவர்களின் சபூருக்கு அது துணை. பிரேக்கைச் சரிபார்க்காதவனுக்கும், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியைப் பார்ப்பவனுக்கும் அது தப்பித்துக்கொள்ளும் வாசலாக மாட்டாது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், உலகம் முழுவதிலும் ஓராண்டில் ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் மடிவதாகச் சொல்கிறது. 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களை மாய்ப்பதில் சாலை விபத்துக்கே முதலிடம். மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடந்து போனவர்களும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்களும்தான். சுற்றிலும் இரும்புக் கூடு இல்லாதவர்கள் முதலில் போய்விடுகிறார்கள்.

மோட்டார் ஓட்டும் சகோதரர்களே! தொழுகையைத் தவறவிட்டால் களாச் செய்து, தௌபாச் செய்து, ரஹ்மானிடம் மன்னிப்பை ஆதரவு வைக்கலாம். ஒரு மனிதனின் காலை முறித்துவிட்டால் அது ஹக்குல் இபாத். அவனோ அவன் வாரிசோ பொருந்திக்கொள்ளும் வரை கணக்கு நிற்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை, தவறுதலாக நேர்ந்தது என்று சொல்வதால் எல்லாம் தீர்ந்துவிடாது. தவறுதலாக ஒரு மூமினைக் கொன்றவனின் சட்டத்தைத் திருமறையின் சூரத்துன்னிஸா 92ஆம் வசனத்தில் காண்கிறோம். வாரிசுகளுக்கு ஈட்டுத்தொகை, அவர்கள் மன்னித்தாலன்றி. அதோடு ஓர் அடிமையை விடுதலை செய்வது, அதற்கு வழியில்லாவிட்டால் இடைவிடாமல் இரண்டு மாத நோன்பு. ரமளான் ஒரு மாதம் நோற்பவர்களுக்குத் தொடர்ந்து இரண்டு மாதம் எவ்வளவு பாரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எந்த விபத்துக்கு இது பொருந்தும் என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளவும். கேட்க வேண்டிய நிலை யாருக்கும் வராமலிருக்க அல்லாஹ் காப்பானாக, ஆமீன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. கைப்பேசியில் வந்த செய்தியைப் பார்க்க இரண்டு நொடி என்று வைத்துக்கொண்டாலும் 33 மீட்டர். நம் பழைய கடைவீடுகள் ஒவ்வொன்றும் சுமார் 6 மீட்டர் அகலம். அப்படியானால் ஐந்து கடை வாசல்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமானம். அந்த ஐந்து வாசலுக்குள் ஒரு சைக்கிள்காரன் பள்ளத்தைக் கண்டு ஓரடி வலப்பக்கம் ஒதுங்கினால் என்னவாகும்? சைக்கிள் நேர்கோட்டில் போகும் ரயிலன்று. குழி, மணல், சாக்கடை மூடி, காற்று எல்லாம் அதை அசைக்கும். கடலுக்கு அப்பால் சிங்கப்பூரில், சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடும்படி 2022 முதல் மோட்டார்காரர்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஓர் ஆள் கைகளை விரித்து நிற்கும் அகலம். அவ்வளவு இடம் இல்லாத வீதியில் முந்தாமல் பின்னாலேயே போவதுதான் முறை.

கதவு விஷயமும் ஒன்று உண்டு. ஓரத்தில் நிறுத்திய காரின் கதவைத் திடீரென்று திறப்பதால் பின்னால் வரும் சைக்கிள்காரன் அதிலே மோதி நடு ரோட்டில் விழுகிறான். வலப்பக்கம் இருப்பவர் இடக்கையாலும், இடப்பக்கம் இருப்பவர் வலக்கையாலும் கதவைத் திறந்து பழகினால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் பார்க்கும். செலவில்லாத காரியம். பிள்ளைகளுக்கும் பழக்கிவிடலாம்.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு ஹஜ்ஜிலே, அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபாவுக்குத் திரும்பும் வேளையில், பல்லாயிரம் பேர் கூட்டத்தில், பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் இரைச்சல் கேட்டது. பெருமானார் (ஸல்) அவர்கள் கையசைத்து, நிதானம் நிதானம் என்று அமர்த்தினார்கள். விரைந்தோடுவதில் புண்ணியம் இல்லையென்று உணர்த்தினார்கள். தங்களுடைய கஸ்வா ஒட்டகத்தின் கடிவாளத்தை, அதன் தலை சேணத்தில் படும் அளவுக்கு இழுத்துப் பிடித்திருந்தார்களாம். இடம் கிடைத்தபோது சற்று வேகப்படுத்தினார்கள் என்றும் அறிவிப்பு இருக்கிறது. வேகமே ஹராம் என்று யாரும் சொல்லவில்லை. இடமறிந்து போவது, கூட்டத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பது, இதுதான் சுன்னத்து. மற்றொரு பயணத்தில் அன்ஜஷா என்ற ஒட்டகமோட்டி இனிய குரலில் பாடப் பாட, பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்கள் துள்ளி ஓடின. கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றியிருக்கிறாய், மெதுவாக ஓட்டு என்ற பொருளில் அவரை எச்சரித்தார்கள். இன்று ரோட்டிலே கண்ணாடிப் பாத்திரம் யார் என்பதை லாரிக்காரரும் கார்க்காரரும் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம்.

ஜும்ஆவுக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜொகூரில் 2014 முதல் வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1ஆம் தேதி முதல் சனி, ஞாயிறு விடுமுறையாகிவிட்டதால் வெள்ளி மத்தியான இடைவேளையில் எல்லாரும் ஒரே சமயத்தில் பள்ளிவாசலுக்குப் புறப்படுகிறோம். குத்பா தொடங்கிவிடுமே என்று சிவப்பு விளக்கைத் தாண்டுபவர்களும், சைக்கிளில் வருபவரை ஹாரன் அடித்து ஓரத்துக்குத் தள்ளுபவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இகாமத் கேட்டாலும் ஓடி வராதீர்கள், அமைதியாக வாருங்கள், கிடைத்ததைத் தொழுது விட்டதைப் பூர்த்தி செய்யுங்கள் என்பதல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி? காலால் ஓடுவதற்கே இப்படியென்றால் சக்கரத்தால் ஓடுவதற்கு என்ன சொல்வது! பத்து நிமிடம் முந்திக் கடையைச் சாத்தினால் வியாபாரம் கவிழ்ந்துவிடாது.

சைக்கிளில் செல்வோருக்கும் சில வார்த்தை. நம் கைகளாலேயே நம்மை நாசத்தில் போட்டுக்கொள்ளக் கூடாதென்று திருமறை தடுத்திருக்கிறது. தொழிற்சாலையிலும் உணவுக்கடையிலும் வேலை செய்யும் நம் ஊர்த் தம்பிகளும், வங்காளதேசத்துச் சகோதரர்களும் பஜ்ரு நேர இருட்டில் கறுப்புச் சட்டையோடு, விளக்கில்லாமல் வருகிறார்கள். காரின் வெளிச்சம் தங்கள் கண்ணுக்குத் தெரிவதால் தாங்களும் கார்க்காரர் கண்ணுக்குத் தெரிவதாக எண்ணிவிடுகிறார்கள். தெரியாது. மழை பெய்தால் அறவே தெரியாது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். அது வழி பார்ப்பதற்கு மட்டுமன்று, பிறர் பார்ப்பதற்கு. எதிர்த்திசையில் ஓட்டுவது மிகக் கெட்ட பழக்கம். சைக்கிள் 20, கார் 60 என்றால் எதிரெதிரே வரும்போது இரண்டும் 80ஆக நெருங்குகின்றன. ஒதுங்க அவகாசம் எங்கே?

எல்லாவற்றிலும் பெரிய அபாயம், சந்தியில் நிற்கும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடப்பக்கச் சந்தில் நுழைவது. நீண்ட லாரி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியே பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். அந்த மூலை ஓட்டுநரின் கண்ணாடியில் விழாமல் போவதும் உண்டு. லாரிக்குப் பின்னால், ஓட்டுநரின் கண்ணாடி நமக்குத் தெரிகிற இடத்தில் நின்றுவிடுங்கள். அரை நிமிடந்தான் பிந்தும். சைக்கிளின் கைப்பிடியில் இரண்டு பக்கமும் பை மாட்டுவதும் ஆகாது. சிறு வயதில் கடைப் பையனாகச் சைக்கிளில் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நாம்; ஒரு பக்கம் அரிசி, மறுபக்கம் எண்ணெய் என்று தொங்கினால் திருப்பவும் முடியாது, பிரேக்கைச் சரியாகப் பிடிக்கவும் முடியாது என்பது அனுபவம். பாரத்தைப் பின்னால் கேரியரில் வைத்துக் கட்ட வேண்டும்.

இப்போது அந்த முதல் பேச்சுக்கு வருகிறோம். பிள்ளைகளுக்கு நடுநிசியில் ரோட்டில் என்ன வேலை என்று கேட்பது எளிது. அவரவர் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி அது. மகன் எப்போது வெளியே போனான், சைக்கிளின் பிரேக்கை யார் கழற்றினார்கள் என்பதெல்லாம் வாப்பா அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் மேய்ப்பர், அவரவர் மந்தையைப் பற்றிக் கேட்கப்படுவார் என்ற ஹதீஸ் நமக்குத் தெரியாததன்று. இஷாவுக்குப் பின் கடையடைத்துக் களைத்து வரும் வியாபாரிக்கு இது சிரமந்தான். இருந்தாலும் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்க்கக் கால் நிமிடம் போதும்.

முதலாளிமார்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறோம். வேலையாட்கள் உங்கள் கையின் கீழ் வைக்கப்பட்ட சகோதரர்கள், தாங்க முடியாத பாரத்தை அவர்கள் மீது சுமத்தாதீர்கள் என்பது நபிமொழியின் கருத்து. சைக்கிளில் வேலைக்கு வரும் ஆளுக்கு விளக்கும் தலைக்கவசமும் வாங்கிக் கொடுப்பது தர்மமாக நினைக்கப்படுகிறது. நம் கருத்தில் அது கூலியோடு சேர்ந்த கடமை. இரவு பதினொரு மணிக்குக் கடை சாத்திவிட்டு விளக்கில்லாத சைக்கிளில் அவரை அனுப்பிவைத்து, நாம் காரில் வீடு போய்ச் சேர்வது மனசாட்சிக்குச் சரியாகப் படவில்லை.

சைக்கிளின் பின்புறத்தில் ஒட்டும், வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு நாடாவைக் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறோம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் சைக்கிளில் வரும் சகோதரர்கள் தொழுகை முடிந்ததும் நம் கடைக்கு வந்தால், ஆளுக்கு ஒரு முழம் வெட்டி ஒட்டித் தருவோம். காசு வேண்டாம். நாடா தீர்ந்துவிட்டால் மறுபடியும் வாங்கி வைப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.