சுக்கும் சுப்பிரமணியனும்

சுக்கை மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியனை மிஞ்சிய தெய்வமில்லை என்று நம் பாட்டிமார் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற பழமொழியை, மோனைக்காகக் கட்டிய வெறும் சொல்லடுக்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் சற்று நின்று யோசிப்பவனுக்கு அதிலே சங்கடமான ஒரு வினா ஒளிந்திருப்பது புலப்படும். மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டித் தருகிற காய்ந்த கிழங்கு ஒன்றையும், சூரபதுமனைச் சங்கரித்த கடவுளையும் ஒரே வரியில் நிறுத்த நம்மவர்க்கு எப்படித் துணிவு வந்தது? சரீரம் அநித்தியம், இன்றிருந்து நாளை போவது என்று ஓயாமல் போதித்த சமயங்கள், அந்தச் சரீரத்துக்கு ஜலதோஷம் கண்டால் எதைக் கொடுக்க வேண்டும் என்பதிலும் இவ்வளவு கரிசனம் காட்டியது ஏன்? அழியப்போகிற ஒன்றைப் பேணுவது ஞானமா, மோகமா?

விடையைச் சாஸ்திரங்களில் தேடுமுன் அடுப்பங்கரையில் தேடிப் பார்க்கலாம். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டி, சுண்ணாம்பாற்றை நெருங்கும்போது வருகிற ஊர் நோணாங்குப்பம். வெளியூரார் அதனைப் படகுத்துறையைக் கொண்டே அறிவர்; உள்ளூராருக்கோ அது கழிமுகத்து நண்டும் இறாலும் வீட்டு வாசலுக்கே வந்து சேருகிற ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிள்ளைகளுக்குச் சளி கட்டினால் இந்தப் பக்கத்து வீடுகளில் நண்டு ரசம் வைப்பார்கள். நண்டை ஓட்டோடு தட்டி, மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் அம்மியில் ஒன்றிரண்டாகச் சிதைத்து, புளிக்கரைசலில் மஞ்சள் தூவிக் கொதிக்கவிட்டு, நுரை கூடி வரும் பதத்தில் இறக்குவார்கள். புலால் உண்ணாத வீடுகளில் அந்த இடத்தில் சுக்குக் கஷாயம் இருக்கும். சுக்குக்குப் புறநஞ்சு என்ற பழமொழியை மறவாமல் மேல்தோலைச் சீவி எறிந்து, மிளகும் திப்பிலியும் சேர்த்து இடித்து, பனைவெல்லமிட்டு நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சுவார்கள். எந்த வீட்டிலும் தராசு இராது. எவரும் ஏட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மூன்று விரல் நுனியால் எடுத்த பொடியே அளவு. அதைத்தான் நம் வைத்திய நூல்கள் திரிகடிப் பிரமாணம் என்று கௌரவமாகக் குறிப்பிடுகின்றன.

இந்த மூவிரல் அளவுக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. அண்டத்தில் உள்ளதே பிண்டத்திலும் உள்ளது என்பது சித்தர்களின் அடிப்படைக் கொள்கை. உலகத்தை ஆக்கிய மண், நீர், தீ, வளி, விண் என்னும் ஐந்து பூதங்களே உடம்பையும் ஆக்கின. நாவில் தோன்றும் ஆறு சுவைகளும் அவற்றின் கூட்டுறவே. மண்ணும் நீரும் கூடி இனிப்பாயின. வளியும் தீயும் கூடிக் கார்ப்பாயின. வளியும் விண்ணும் கூடிக் கைப்பாயின. ஆகவே, நீரின் மிகுதியால் ஐயம் என்னும் கபம் மேலிட்டபோது, தீயின் கூறு நிறைந்த மிளகையும் சுக்கையும் கொடுத்து அதனைச் சமன் செய்வது, உலகத்திலிருந்து ஒரு கூற்றை எடுத்து உலகத்தின் மற்றொரு கூற்றோடு சேர்த்துவைக்கும் காரியமாகிறது. உடம்பை இழிவென்று முன்னர் எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளேயே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டு அதைப் போற்றத் தொடங்கியதாகத் திருமூலர் கூறுவது இந்தக் கொள்கையின் பக்திமுகம். தைத்திரீய உபநிஷதம் அன்னத்தைச் சகல உயிர்களுக்கும் ஔஷதம் என்று கூறுவது இதன் வைதிகமுகம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கார்ப்பும் புளிப்பும் உவர்ப்பும் எரிவும் மிக்க உணவு ராஜஸ குணத்தாருக்கு உகந்தது என்றும், அது துன்பத்தையும் நோயையும் விளைவிப்பது என்றும் கண்ணன் கூறுகிறானே. அப்படியிருக்க நாம் கார்ப்பையே மருந்தென்று கொண்டாடுவது எவ்வாறு பொருந்தும்? ஆதிசங்கரர் இந்தச் சுலோகத்துக்குப் பாஷ்யம் எழுதுகையில், ‘அதி’ என்று ஓரிடத்தில் வரும் அடைமொழியைக் கார்ப்பு முதலிய ஒவ்வொன்றோடும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று விதிக்கிறார். அப்படியானால் குற்றம் மிளகைச் சேராது, மிகுதியையே சேரும். திருவள்ளுவரும் இந்தக் கட்சியே. மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்து, பத்துக் குறளில் ஒன்றிலேனும் ஒரு வேரையோ இலையையோ சரக்கையோ பெயர் சொல்லாமல், முன் உண்டது செரித்ததா என்று அறிந்து அளவாக உண்பதையே பெரும்பகுதி பேசி முடித்த அந்தப் பெருமானின் மௌனம், நூறு மூலிகைப் பட்டியல்களைக் காட்டிலும் நமக்கு அதிகம் கற்பிக்கிறது.

அளவு என்பது வைத்தியத்துக்கு மட்டும் உரியதா, ஒழுக்கத்துக்கும் உரியதா? தமிழர் இவ்விரண்டையும் வேறாகக் கண்டதாகத் தெரியவில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் நல்லாதனார் இயற்றிய நீதிநூலுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்று சரக்கின் கூட்டான திரிகடுகம் என்பதே பெயர். ஒவ்வொரு வெண்பாவிலும் மும்மூன்று பொருள்களை வைத்து, அவை உயிரின் நோயைப் போக்கும் என்று ஆசிரியர் கருதினார். கணிமேதாவியாரின் ஏலாதியோ இன்னும் நுட்பமானது. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று ஏறிச் செல்லும் சூரணத்தின் பெயரையே அந்த நூல் தாங்கி நிற்கிறது. மணத்தால் மயக்கும் ஏலத்துக்கு ஒரு பங்கே கிடைத்தது. முகம் சுளிக்கவைக்கும் சுக்குக்கு ஆறு பங்கு. இனிய சொல்லும் கண்டிப்பான சொல்லும் எந்த விகிதத்தில் கலந்தால் ஒருவன் திருந்துவான் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பை நான் எந்த நீதி சாஸ்திரத்திலும் கண்டதில்லை.

மருந்தைத் தருமமாகக் கருதிய இந்த மனப்பான்மை கோயிலுக்குள்ளும் சென்றது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டில், பெருமாள் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு நடந்த ஆதுலர் சாலையையும், அங்கே வைத்தியருக்கும் மூலிகை கொணர்வாருக்கும் பணிப்பெண்டிருக்கும் ஏற்படுத்திய ஜீவிதத்தையும், சேமித்துவைத்த மருந்துகளின் பெயர்களையும் விவரிக்கிறது. வைத்தீசுவரன் கோயிலில் அடியார்கள் இன்றும் மிளகும் உப்பும் காணிக்கையாக இடுகிறார்கள். அடுப்பங்கரையில் இருப்பதே ஆலயத்துக்கும் போகிறது.

அதே மிளகு கடல் கடந்தபோது வேறு கணக்கில் சேர்ந்தது. நோணாங்குப்பத்துக்கு அதிகத் தொலைவில்லாத அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து கண்ட ரோமானியச் சாடிகளும் மட்கலங்களும், இக்கரைக்கு யவனர் வந்து போனதற்குச் சாட்சி. மிளகை அவர்கள் பெரும்பாலும் மேற்குக் கரை முசிறியில் கொண்டார்கள். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, திப்பிலி ராத்தல் 15 தெனாரியமும் கருமிளகு 4 தெனாரியமும் விற்பதைக் குறித்து, உறைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத இதற்காகவா இந்தியா வரை போகிறோம் என்று நொந்துகொண்டார். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர் மாஹேயைப் பிடித்ததும் மிளகு வாணிபத்தின் பொருட்டே. 1995-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்குக் காப்புரிமை அளிக்கப்பட்டதும், நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்காடி 1997-இல் அதனை ரத்துச் செய்வித்ததும் அந்தக் கணக்கின் அண்மைப் பக்கங்கள். அண்டை வீட்டுக் குழந்தைக்கு இருமல் என்றால் ஒரு டம்ளர் கஷாயத்தைக் கொடுத்தனுப்பி, அதற்கு விலை சொல்வது பாவம் என்று நினைக்கிற சமூகத்துக்கு, மஞ்சள் ஒருவருடைய சொத்தாக முடியும் என்பதே விளங்காத செய்தி.

ஆயினும் நம்முடைய பெருமையும் பரிசோதனைக்கு அப்பாற்பட்டதன்று. மஞ்சளின் குர்குமின் தனியே உண்டால் இரத்தத்தில் மிகச் சிறிதே ஏறுகிறது, மிளகின் பைப்பரினோடு சேர்ந்தால் பன்மடங்கு ஏறுகிறது என்று 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, ரசத்தில் இரண்டையும் சேர்த்த நம் பெண்களின் அனுபவம் மெய்ப்பட்டதாகப் பலரும் மகிழ்ந்தனர். ஆனால் அதே சேர்க்கையைச் செறிவூட்டி, மாத்திரையாக்கி, தினந்தோறும் விழுங்கச் சொல்லும் வியாபாரம் வளர்ந்தபின், 2019-இல் இத்தாலி நாட்டு அதிகாரிகள், மஞ்சள் சத்து மாத்திரைகளை உண்டவர் சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதைப் பதிவு செய்து எச்சரிக்க நேர்ந்தது. மூவிரல் நுனியில் மருந்தாக இருந்தது கைநிறைய அள்ளியபோது நஞ்சாயிற்று. பாஷ்யகாரர் சுட்டிய ‘அதி’ என்னும் அந்தச் சிற்றடைமொழி ஆய்வுக்கூடத்திலும் செல்லுபடியாகிறது.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கையில், தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு என் தீர்ப்பு இது. உடம்பைப் பேணுவது மோகமாவதும் தருமமாவதும் அளவைப் பொறுத்தது. சாகாமல் இருப்பதற்காக மருந்தைத் தேடுகிறவன் மோகத்தில் இருக்கிறான். இன்றைய கடமையைச் செய்வதற்கும், இன்றைய தெய்வத்தை நினைப்பதற்கும் தடையில்லாதபடி உடம்பை வைத்துக்கொள்ளுகிறவன் தருமத்தில் இருக்கிறான். அஞ்சறைப்பெட்டி இரண்டாமவனுக்கு உரியது. அதனிடம் அற்புதங்களை எதிர்பார்ப்பது அதற்கு இழைக்கும் அவமரியாதை. டெங்குவால் குழந்தை சோர்ந்து கிடக்கையில் கஷாயமே போதும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர், பாட்டியின் மரபைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு பாட்டியின் விவேகத்தைக் கைவிடுகிறார். தன் கை மருந்துக்கு அடங்காத காய்ச்சலுக்கு வைத்தியரை அழைக்கத் தயங்காதவளே அந்தக் கிழவி. ஆகவே வாசகர்களே, மிளகை மூன்று விரலால் எடுங்கள். கஷாயத்தில் ஒரு பங்கை அடுத்த வீட்டுக்கும் அனுப்புங்கள். காய்ச்சல் தணியாவிட்டால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.